டிரிம் ஹோஸில் ஆயில் கசிவு: ஒன்றை மட்டும் மாற்றலாமா, நாலையும் மாற்ற வேண்டுமா?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் படகில் இருப்பது மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன், இரண்டாம் தலைமுறை டிரைவ் (படகுக்குப் பின்னால் ப்ரொப்பல்லரோடு இருக்கும் பகுதி). ஓடுவது உப்புத் தண்ணீரில், மற்ற நேரமெல்லாம் டிரெய்லரில் நிற்கும். சில வாரமாக, டிரைவைத் தூக்கி இறக்குகிற டிரிம் பம்ப் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. ஊற்றி வைத்தால் அடுத்த முறை பார்க்கும்போது மறுபடி கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பம்ப் இருக்கும் இடம், எஞ்சினுக்கு அடிப்பக்கம் எல்லாம் துடைத்துப் பார்த்துவிட்டேன், உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. வெளியே டிரைவுக்குக் கீழே தரையில் சொட்டு விழுந்த கறை இருக்கிறது. டிரைவைப் படகோடு பிடித்திருக்கும் கிம்பல் ஹவுசிங்கின் அடியில் நாலு ஹோஸும் வந்து சேருகிற பிளாக் பக்கம் ஈரமாகத் தெரிகிறது.

என் கேள்விகள்: கசிகிற ஹோஸை மட்டும் மாற்றினால் போதுமா? இதற்கு டிரைவைக் கழற்ற வேண்டுமா? ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடையில் கொடுத்து ஒன்று செய்துகொள்ளலாமா, கம்பெனி ஹோஸ்தான் போட வேண்டுமா?

திருப்புளி எழுதியது:

சார், ஹோஸ் வாங்குவதை முதலில் நிறுத்தி வையுங்கள். "பிளாக் பக்கம் ஈரமாக இருக்கிறது" என்பதை வைத்து எதையும் மாற்ற முடியாது. ராம் (டிரைவைத் தள்ளித் தூக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டர்) முனையில் கசிகிற ஆயில் ஹோஸ் மேலேயே வழிந்து வந்து, தாழ்வான இடம் என்பதால் பிளாக்கில்தான் சொட்டும். எங்கே சொட்டுகிறது என்று பார்க்காதீர்கள், எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

சோப்புத் தண்ணீர், பிரஷ் போட்டு பிளாக், நாலு ஹோஸ், இரண்டு ராம் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கிற சிப்பி, பாசி எல்லாம் போகட்டும். பெல்லோஸ் என்கிற மடிப்பு ரப்பர் உறை பக்கத்திலேயே இருப்பதால் கடுமையான கிளீனர் ஸ்பிரே வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரை எல்லா இணைப்பு மேலும் தூவிவிடுங்கள். ஒருவர் பட்டனை அழுத்தட்டும், நீங்கள் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிரைவ் மேலே முழுக்கப் போய், பம்ப் சத்தம் மாறுகிற கட்டத்தில் இன்னும் ஒரு இரண்டு நொடி பிடித்தால் போதும். அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். வெள்ளைப் பவுடரில் கறுப்பாகக் கோடு விழுகிற இடம்தான் கசிவு.

ஒரு எச்சரிக்கை. ஹோஸ் மேல் கையை வைத்துத் தடவிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். மேலே தூக்குகிற பக்கத்தில் அழுத்தம் 2000 பிஎஸ்ஐக்கு மேலே போகும். ஊசித்துளை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் அறுவை சிகிச்சை வரை போகிற காயம் அது. அப்படி ஏதாவது ஆனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தடவிப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

சந்தேகம்சாமி எழுதியது:

ராத்திரி டிரைவை மேலே தூக்கி வைத்தால் காலையில் இறங்கியிருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே.

தானாக இறங்குகிறது, ஆனால் டப்பாவில் அளவு குறையவில்லை என்றால் அது உள் கசிவு: ராம் பிஸ்டன் சீல் போயிருக்கலாம், பம்பில் இருக்கும் வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம். அளவு குறைந்தால் வெளிக் கசிவு. இரண்டும் சேர்ந்தும் வரும். நான் பார்த்தவரை, ஹோஸ் மாற்றிவிட்டு "இன்னும் இறங்குகிறதே" என்று இங்கே வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம்.

உப்புக்காற்று எழுதியது:

பதில்களுக்கு நன்றி. சந்தேகம்சாமி, டிரைவ் இறங்கவில்லை. சாய்மானக் கட்டை வைக்காமல் தூக்கி நிறுத்தி, ராம் தண்டில் மார்க்கரால் கோடு போட்டுவைத்தேன். காலையில் கோடு அதே இடத்தில் இருந்தது.

திருப்புளி சொன்ன பவுடர் வேலையைச் செய்தேன். இடது ராமிலிருந்து வரும் இரண்டு ஹோஸில் ஒன்று. பிளாக்குக்குச் சற்று முன்னால், ரப்பர் போய் இரும்பு வளையத்துக்குள் நுழைகிற இடம். டிரைவ் பாதி உயரம் வரும்வரை ஒன்றுமே இல்லை. முழுக்க மேலே போய் முட்டியதும் வளையத்தின் விளிம்பில் ஒரு முத்து மாதிரி ஆயில் எழும்பியது, பட்டனை விட்டதும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ரப்பர் கொஞ்சம் புடைத்திருக்கிறது. நகத்தால் நெருடியபோது (பம்ப் ஓடாதபோதுதான்!) துரு செதில் செதிலாக வந்தது. மற்ற மூன்று ஹோஸிலும் அதே இடத்தில் துரு இருக்கிறது, கசிவு இல்லை.

அழுத்தமானி எழுதியது:

நான் ஹைட்ராலிக் ஹோஸ் தயாரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவன். நீங்கள் விவரித்திருப்பது வழக்கமான சாவு.

அந்த இரும்பு வளையத்தை ஹோஸ் மேல் வைத்து மெஷினில் நசுக்கித்தான் பிடிக்க வைக்கிறோம். வளையத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விளிம்பில் எப்போதும் இருக்கும். உப்புத் தண்ணீர் அதற்குள் போனால் காய்வதே இல்லை. இரும்பு துருப்பிடித்தால் பருத்துப் பெரிதாகும், அது ரப்பரை உள்பக்கமாக அழுத்தும். ஒரு கட்டத்தில் உள் குழாய் கிழியும், இல்லையென்றால் பிடிமானம் தளரும். ஹோஸின் நடுப்பகுதி புதிது போலப் பளபளவென்று இருக்கும்போதே முனையில் இப்படிப் போவதற்குக் காரணம் இதுதான். அதனால் ஹோஸ் நன்றாக இருக்கிறதா என்று நடுவில் வளைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

மற்ற மூன்றிலும் துரு ஆரம்பித்துவிட்டது என்றால் அவையும் வரிசையில்தான் நிற்கின்றன.

ஆழ்கடல்அண்ணன் எழுதியது:

தம்பி, நாலையும் மாற்றிவிடு. பேச்சே இல்லை. நாலு ஹோஸும் ஒரே நாளில் பூட்டியவை, ஒரே தண்ணீரில் கிடந்தவை. ஒன்றுக்காகப் படகைத் தூக்கி, ஆயிலை வடித்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு மாற்றிவிட்டு, அடுத்த மாதம் பக்கத்து ஹோஸுக்காக அதே வேலையை மறுபடி செய்ய வேண்டுமா? கம்பெனி ஹோஸ் செட்டாகவே கிடைக்கும். இடது, வலது வளைவு வேறு வேறு, பார்த்து வாங்கு.

கடையில் செய்கிற ஹோஸ் எல்லாம் டிராக்டருக்கு, மண் தோண்டுகிற மெஷினுக்குச் சரி. படகுக்கு வேண்டாம்.

திருப்புளி எழுதியது:

> நாலையும் மாற்றிவிடு. பேச்சே இல்லை.

அண்ணே, பேச்சு கொஞ்சம் இருக்கிறது. ஒரு நட்டைக் கழற்றுவதே போராட்டமாக இருக்கிற பிளாக்கில், கசியாத இணைப்பைப் போய்த் திருகினால் புதுக் கசிவை நாமே உண்டாக்குகிற மாதிரி ஆகிவிடும். நல்ல தண்ணீரில் ஓடுகிற படகு, ஒரு ஹோஸ் எங்காவது உரசி அறுந்தது என்றால் நான் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். ஆனால் இவர் படகு உப்புத் தண்ணீர், மற்றவற்றிலும் துரு. அதனால் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான். குறைந்தது இடது பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏனென்றால் ஒன்றைக் கழற்றும்போது ஸ்பேனர் நுழைவதற்கு மற்றதைத் தள்ளி வளைக்க வேண்டி வரும். துருப்பிடித்த முனையை வளைத்தால் அது அப்போதே முடிந்தது.

உப்புக்காற்று சார், ராம் ஹோஸுக்காக டிரைவைக் கழற்றத் தேவையில்லை. இடம் நெருக்கம், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் எதிர்ப்பக்கம் கை நுழைய வழி கிடைக்கும்.

அழுத்தமானி எழுதியது:

ஆழ்கடல் அண்ணன் எங்கள் தொழிலையே மண்வெட்டி வேலை ஆக்கிவிட்டார். சரி, என் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.

கடையில் செய்வது தப்பில்லை, எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது. போய் "இது மாதிரி ஒன்று" என்று நீட்டினால் எஸ்ஏஇ 100ஆர்1 அல்லது ஆர்2 என்கிற தர வகை ஹோஸைக் கொடுத்துவிடுவார்கள். முதலாவதில் உள்ளே ஒரு அடுக்கு இரும்புக் கம்பி வலை, இரண்டாவதில் இரண்டு அடுக்கு. அழுத்தத்தைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் வெளி ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால் உப்புத் தண்ணீர் கம்பி வலை வழியாக ஹோஸ் நெடுகப் பரவும். தடிமன் வேறு, இந்த இடத்தில் வளையாது. 100ஆர்7 வகையில் கம்பி கிடையாது, செயற்கை நூல் வலைதான், துருவுக்கு வேலையில்லை. மெலிதாகவும் இருக்கும். முனை ஃபிட்டிங், நசுக்கும் வளையம் இரண்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்க வேண்டும். முனையில் மட்டும் ஸ்டெயின்லெஸ் போட்டு வளையத்தைச் சாதா இரும்பில் போட்டால் காசுதான் போகும்.

வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைவிட நாலு மடங்கு இருக்க வேண்டும் என்பது இந்த வகை ஹோஸ்களுக்கு வழக்கமான கணக்கு. பம்ப் உச்சத்தில் எவ்வளவு கொடுக்கிறதோ அதற்கு மேல் வேலை அழுத்தம் எழுதியிருக்கிற ஹோஸாகப் பாருங்கள். ஹோஸ் மேலேயே அச்சடித்திருக்கும்.

ஆழ்கடல்அண்ணன் எழுதியது:

நீ சொல்வது சரி, ஆனால் அளவு? கம்பெனி ஹோஸில் முனையில் இரும்புக் குழாய் ஒரு கோணத்தில் வளைந்து வரும். அந்த வளைவு சும்மா வைத்ததில்லை. டிரைவ் இடமும் வலமும் திரும்பும், மேலும் கீழும் போகும். இரண்டும் சேர்ந்த நிலையில், அதாவது முழுக்கத் திருப்பி முழுக்கத் தூக்கினால், ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறாயா? வளைவு இல்லாத நேர் ஃபிட்டிங் போட்டு ஒருவர் கொண்டுவந்தார். கீழே இருக்கும்போது ஜோராக இருந்தது. தூக்கித் திருப்பியதும் ஹோஸ் கிம்பல் வளையத்துக்கும் ராமுக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது.

அழுத்தமானி எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன். செய்தால் பழைய ஹோஸை மாதிரியாக வைத்து, அதே வளைவு, அதே நீளம், இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது உட்பட அப்படியே செய்ய வேண்டும். கம்பெனி செட் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். கிடைக்காத பழைய மாடலுக்குத்தான் எங்களிடம் வாருங்கள்.

புதுப்படகு எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். புது ஹோஸ் வரும்வரை அந்த இடத்தில் ரப்பர் டேப் சுற்றி, மேலே எபாக்சி பூசினால் தாங்காதா?

திருப்புளி எழுதியது:

தாங்காது தம்பி. 2000 பிஎஸ்ஐக்கு முன்னால் டேப் ஒரு பொருட்டே இல்லை. கசிவு வெளியே வராமல் டேப்புக்கு அடியிலேயே ஓடி வேறு இடத்தில் சொட்டும், அப்புறம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அவசரத்துக்குப் படகை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் டிரைவை ஓடும் நிலையில் வைத்துவிட்டு டிரிம்மைத் தொடாமல் ஓட்டுங்கள், கையில் ஆயில் இருக்கட்டும். ரிவர்ஸில் மெதுவாகப் போங்கள். ஆயில் குறைந்து காற்று புகுந்திருந்தால் ப்ரொப்பல்லர் இழுக்கிற இழுப்பில் டிரைவ் பின்னால் தூக்கிக்கொள்ளும்.

சந்தேகம்சாமி எழுதியது:

கசிந்த ஆயில் தண்ணீரில் வானவில் படலமாக மிதக்கிறதே என்று அதன் மேல் பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. படலம் கண்ணுக்கு மறைகிறது, ஆயில் எங்கும் போவதில்லை, கரைந்து கீழே இறங்கி மீனுக்குப் போகிறது. உறிஞ்சுகிற பேடை மிதக்கவிட்டு எடுங்கள். கசிகிறது என்று தெரிந்த பிறகு படகைத் தண்ணீரில் விட்டு வைப்பதே சரியில்லை என்பது என் கட்சி.

உப்புக்காற்று எழுதியது:

கம்பெனி செட் நாலும் வந்துவிட்டது. வேலையை ஆரம்பித்துவிட்டேன். ராம் பக்கத்து நட்டுகள் பிரச்சினையில்லாமல் வந்தன. பிளாக் பக்கம் அசையவே மாட்டேன் என்கிறது. சாதா ஓப்பன் ஸ்பேனர் போட்டபோது வழுக்குகிற மாதிரித் தெரிந்ததால் அதற்கு மேல் அழுத்தாமல் நிறுத்திவிட்டேன். நட்டு முனைகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. டிரைவ் இப்போது முழுக்கக் கீழே. பேட்டரி கழற்றியாயிற்று.

திருப்புளி எழுதியது:

நிறுத்தியதே பாதி வெற்றி. பேட்டரி கழற்றியதும் நல்லது. பல படகுகளில் சாவி போடாமலேயே டிரிம் பட்டன் வேலை செய்யும். யாராவது விளையாட்டாகத் தொட்டால் திறந்திருக்கிற துவாரம் வழியாக ஆயில் பீய்ச்சும்.

டிரைவைக் கீழேயே வைத்திருங்கள். மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஹோஸைத் திறந்தால் அத்தனை எடையையும் தாங்கிக்கொண்டிருக்கிற ஆயில் வெளியே வரும், டிரைவ் உங்கள் கை மேல் இறங்கும். கீழே இறக்கினால் டிரைவின் அடியில் நீட்டியிருக்கும் துடுப்பு தரையில் முட்டுகிறது என்றால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாழ்த்துங்கள், பின்பக்கம் உயரும். தூக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும் என்கிற நிலை வந்தால் மரக்கட்டை, பெல்ட் இரண்டும் போட்டு, ஹைட்ராலிக் இல்லாமலேயே டிரைவ் நிற்கும் என்று உறுதி செய்த பிறகுதான் நட்டைத் தொட வேண்டும்.

இனி நட்டு. முதலில் வயர் பிரஷ்ஷால் நட்டும் பிளாக்கும் சேருகிற வட்டத்தைச் சுத்தமாகத் தேய்த்து, துருவை இளக்குகிற ஆயிலை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். சாயங்காலம் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை அடியுங்கள். அவசரப்பட்டால் ஆயிலுக்கு உள்ளே போக நேரம் கிடைக்காது. நடுநடுவே சின்னச் சுத்தியலால் பிளாக்கை அல்ல, நட்டின் தலையை மட்டும் டக் டக்கென்று தட்டுங்கள். அதிர்வில்தான் துரு பிளக்கும்.

ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள், கட்டாயம். ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், இது ஆறில் ஐந்தைப் பிடிக்கும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைக்கப் பாருங்கள், அப்புறம் கழற்றுகிற பக்கம்.

அதற்கும் வரவில்லையென்றால் கடைசி வழி இருக்கிறது. பழைய ஹோஸ் எப்படியும் குப்பைதான். நட்டுக்குப் பக்கத்திலேயே அந்த இரும்புக் குழாயை ஹேக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள். குழாய் போய்விட்டால் நட்டு மேல் ஆறு முனை சாக்கெட்டை முழுசாக ஏற்றலாம். சாக்கெட் ஏறினால் பெரும்பாலும் வந்துவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், முனையை உருட்டிவிடும். அறுக்கும் முன் பிளாக்கில் எந்த ஹோஸ் எந்தத் துவாரத்துக்குப் போகிறது என்று படம் எடுத்துவையுங்கள்.

புதுப்படகு எழுதியது:

கேஸ் டார்ச் வைத்துச் சூடுபடுத்தினால் சீக்கிரம் வராதா?

சந்தேகம்சாமி எழுதியது:

வரும். பெல்லோஸும் சேர்ந்து வரும். யூ-ஜாயின்ட் பெல்லோஸ், கியர் கேபிள் பெல்லோஸ் எல்லாம் அந்தப் பிளாக்குக்கு மேலேதான் இருக்கின்றன. அவற்றில் ஓட்டை விழுந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். இந்தப் பக்கம் ஆயில் நனைந்த துணி, அந்தப் பக்கம் பெட்ரோல் எஞ்சின். தீ வேண்டாம் தம்பி.

ஆழ்கடல்அண்ணன் எழுதியது:

நட்டு வருகிறதோ இல்லையோ, பிளாக்கின் மரையையும் பார்த்து வை. நட்டு ஒரு உலோகம், பிளாக் வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். நட்டு வரும்போது மரையையும் சுருட்டிக்கொண்டு வந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான், அதைச் சரிக்கட்ட முயற்சி செய்யாதே. பிளாக்கிலும் ராமிலும் மின் தொடர்புக்காகச் சின்னப் பின்னல் ஒயர்கள் ஓடும். அறுந்திருந்தால் இப்போதே போட்டுவிடு. அது இல்லாவிட்டால் துத்தநாகத் துண்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை, அதன் பாதுகாப்பு அந்தப் பாகத்துக்குப் போய்ச் சேராது. ராம் மூடியில் இருக்கும் துத்தநாகத்தையும் பார், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்று. அதற்குப் பெயின்ட் அடிக்காதே.

உப்புக்காற்று எழுதியது:

வந்துவிட்டது! மூன்று நட்டு ஃப்ளேர் ஸ்பேனருக்கே வந்தன. முதல் அசைவில் "டிக்" என்று ஒரு சத்தம், அதன்பின் விரலாலேயே சுற்ற முடிந்தது. நாலாவதற்கு மட்டும் குழாயை அறுத்து சாக்கெட் போட வேண்டியிருந்தது. மரைகள் நாலும் நன்றாக இருக்கின்றன. துவாரங்களைத் துணியால் அடைத்துவைத்துத்தான் துருத்தூளைத் துடைத்தேன்.

கசிந்த ஹோஸை வெட்டிப் பார்த்தேன். அழுத்தமானி சொன்னது அப்படியே: வளையத்துக்கு உள்பக்கம் துரு ஒரு மேடாக வளர்ந்து ரப்பரை உள்ளே தள்ளியிருக்கிறது, அந்த இடத்தில் உள்குழாயில் நீளவாக்கில் ஒரு கீறல்.

பூட்டும்போது டெஃப்லான் டேப் சுற்ற வேண்டுமா?

அழுத்தமானி எழுதியது:

வேண்டாம். இந்த இணைப்பில் கசிவைத் தடுப்பது மரை கிடையாது, உள்ளே முகம் முகமாக உட்காருகிற இடம். டேப் சுற்றினால் அது சரியாக உட்காராமல் போகலாம். பிய்ந்து வருகிற நார் பம்ப் வால்வில் போய்ச் சிக்கினால் அடுத்த இழையை நீங்கள் "டிரைவ் தானாக இறங்குகிறது" என்று தொடங்க வேண்டியிருக்கும். மரையில் கொஞ்சம் ஹைட்ராலிக் ஆயில் தடவி, சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லையென்றால் மரை குறுக்கே விழுகிறது, கழற்றி மறுபடி. இரண்டு முனையையும் தளர்வாக மாட்டி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். ஹோஸில் நெடுகப் போகிற எழுத்து வரி நேராக இருந்தால் முறுக்கு இல்லை.

திருப்புளி எழுதியது:

ஒரு ராமில் மட்டும் இரண்டு ஹோஸும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பட்டனை அழுத்தியதும் ஒரு ராம் தள்ளும், மற்றது இழுக்கும். பம்ப் முக்கும், டிரைவ் நகராது. அப்படி ஆனால் அழுத்திக்கொண்டே இருக்காமல் உடனே விட்டுவிட்டு ஹோஸைச் சரிபாருங்கள். படம் எடுத்துவைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆழ்கடல்அண்ணன் எழுதியது:

பூட்டியாயிற்று என்றால் ஆயில் ஊற்று. டிரைவ் முழுக்கக் கீழே இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், இதை மறக்காதே. மேலே இருக்கும்போது ராமுக்குள் அதிக ஆயில் போயிருக்கும், டப்பாவில் குறைவாகக் காட்டும். அப்போது மேல்கோடு வரை நிரப்பினால், இறக்கும்போது திரும்பி வருகிற ஆயிலுக்கு டப்பாவில் இடம் இருக்காது, மூடி வழியாக வழியும்.

காற்று எடுப்பதற்குத் தனி வித்தை இல்லை. முழுக்க மேலே, முழுக்கக் கீழே, அளவு பார், ஊற்று. மறுபடி. ஆறேழு தடவை இப்படிப் போனால் காற்று தானாக டப்பாவுக்கு வந்துவிடும். நடுவில் டப்பா காலியாகிவிட்டால் மறுபடி காற்று இழுக்கும், அதனால் கண் டப்பா மேலேயே இருக்கட்டும். மோட்டாரையும் மூச்சு விட விடு, அது தொடர்ந்து ஓடுவதற்குச் செய்தது கிடையாது, கை வைத்தால் சுடும். ஆயில் நுரைத்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வா, நுரை அடங்கிய பிறகு அளவு பார். நுரை இல்லாமலேயே பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் அது காற்று இல்லை, தண்ணீர். பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்று.

உப்புக்காற்று எழுதியது:

காற்று எடுத்தாயிற்று. முதல் இரண்டு தடவை டிரைவ் திக்கித் திக்கி ஏறியது, பம்ப் கரகரத்தது. அப்புறம் சத்தம் சீராகிவிட்டது. மறுபடி பவுடர் தூவி, மேலே முட்டவைத்துப் பார்த்தேன். நாலு ஹோஸும் எட்டு முனையும் வெள்ளையாகவே இருக்கின்றன. டிரைவை முழுக்கத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்ததில் எங்கும் உரசவில்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, அந்த இரும்பு வளையங்கள் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபடுத்தினால் சுருங்கி இறுகுவது) போட்டு மூடினால் துருப்பிடிக்காதா? இரண்டு, பம்பிலிருந்து பிளாக்குக்கு வரும் இரண்டு ஹோஸ் இருக்கிறதே, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று, அவற்றையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

அழுத்தமானி எழுதியது:

ஹீட் ஷ்ரிங்க் வேண்டாம் என்பேன். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் ஓரத்தில் தண்ணீர் நுழையும், நுழைந்தது வெளியே வர வழியில்லை. உள்ளே துரு வளர்வதும் கண்ணுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரில் ஓட்டிவந்த பிறகு நல்ல தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவி, காய்ந்ததும் துருத் தடுப்பு ஸ்பிரே அடித்துவாருங்கள். மெழுகு மாதிரிப் படிகிற வகை நல்லது.

திருப்புளி எழுதியது:

நான் உள்ளே பசை உருகி ஒட்டுகிற வகை ஹீட் ஷ்ரிங்க் போட்டு நன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புது ஹோஸில், உப்பு படும் முன்னால் போட்டால்தான். பழசின் மேல் போட்டால் அழுத்தமானி சொன்ன கதைதான்.

பம்ப் ஹோஸ்: கறுப்பு மேலே தூக்குவதற்கு, சாம்பல் கீழே இறக்குவதற்கு. படகுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கும் பகுதி நெடுநாள் வரும், கெட்டுப்போவது வெளியே பிளாக்கில் சேரும் முனைதான். அங்கே துரு செதில் இல்லை, பவுடர் வெள்ளையாக இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அது ராம் ஹோஸ் மாதிரி எளிதான வேலையும் கிடையாது. ட்ரான்சம் (படகின் பின்சுவர்) வழியாக உள்ளே போக வேண்டும், எஞ்சினுக்கும் ட்ரான்சமுக்கும் நடுவில் கை நுழைகிற இடத்தைப் பொறுத்து ஒரு மதியமும் ஆகலாம், எஞ்சினை நகர்த்தவும் வேண்டி வரலாம். என்றைக்காவது மாற்றினால் படகு தரையில் இருக்கும்போது மட்டும். ஹோஸ் நுழைகிற அந்த வழி தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

புதுப்படகு எழுதியது:

கடைசியாக ஒன்று. என்னுடையது பழைய வால்வோ பென்டா. இதே வேலைதானா? மெர்க்ரூசருக்கு எஞ்சின் ஆயில்கூட ஊற்றலாம் என்று படித்தேன், எனக்கும் அதையே ஊற்றலாமா?

திருப்புளி எழுதியது:

கசிவைத் தேடுகிற முறை, டிரைவைக் கீழே வைப்பது, நட்டு கழற்றுவது எல்லாம் ஒன்றுதான். குழாய் போகிற பாதையும் ஃபிட்டிங் அளவும் மாடலுக்கு மாடல் வேறு.

ஆயில் விஷயத்தில் பொதுவாக எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மெர்க்ரூசர் கையேடுகளில் அவர்களுடைய டிரிம் ஆயில் கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று இருக்கிறது. வால்வோவில் பழைய சில டிரிம் பம்புகளுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்), புதியவற்றுக்கு அவர்களுடைய டிரிம் ஆயில். உங்கள் பம்ப் டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளையோ கையேட்டையோ பார்த்து அதில் சொன்னதை ஊற்றுங்கள். இப்போது உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் மேலே கலந்து ஊற்றாமல் பழசை முழுக்க வடித்துவிடுங்கள். லேபிள் அழிந்துபோயிருந்தால் பம்பைப் படம் எடுத்துத் தனி இழையாகப் போடுங்கள், மாடல் எண்ணும் தெரிகிற மாதிரி.